நானே கட்டிய வீட்டு வரி

பட்டு நெய்கிற வீட்டில் நூலுக்குக் கணக்கு உண்டு, ஜரிகைக்குக் கணக்கு உண்டு, வீட்டு வரி மட்டும் நமக்குத் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் வரியை இருபது வருஷமாக, நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லும் முதலாளியே கட்டி, சேலைக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டார். பிள்ளைகள் இருவரும் தலையெடுத்த பிறகு, இனி நானே கட்டுகிறேன் என்று போன வருஷம் கிளம்பினேன். முதல்முறை போய் முழித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

வீராப்பு

நெய்து தறியிலிருந்து அறுத்த சேலையைக் கொடுக்கப் போன அன்று, முதலாளி கடையில் நாலு பேர் இருக்கும்போதே சொன்னேன்: "ஐயா, இனிமே வரிக்குக் கழிக்காதீங்க. நாங்களே கட்டிக்கிறோம்." முதலாளி சிரித்துக்கொண்டே சரி என்றார். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து நின்றார். அந்தக் கடையில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கணக்குப்பிள்ளைதான், "எந்த மாசம் கட்டணும்னு தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியாது.

"பரவால்லமா, கட்டலைன்னா அவங்களே வீட்டுக்கு வந்து சொல்லுவாங்க."

குங்குமம்

எவ்வளவு என்று கேட்டுவர வரி ஆபீசுக்குப் போனேன். முதலாளி கொடுத்த பழைய ரசீதைச் சாமி அலமாரியில் வைத்து, வழக்கம்போல நாலு மூலைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தேன். வரி எண் மேல்மூலையில் இருந்திருக்கிறது. ஜன்னலுக்குள் இருந்த பெண் துடைக்கத் துடைக்கச் சிவப்பு பரவியது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. மாமனார் பெயரை வைத்து எப்படியோ தேடி, எண்ணையும் தொகையையும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

"இந்தச் சீட்டுக்காவது பொட்டு வெக்காதீங்கம்மா, கம்ப்யூட்டருக்குக் குங்குமம் படிக்கத் தெரியாது."

இரண்டு முடிச்சு

ஒவ்வொரு கூலியிலும் கொஞ்சம் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து சாமி அலமாரியில் வைத்தேன். பக்கத்திலேயே இன்னொரு மஞ்சள் முடிச்சு, மகன் வேலைக்காக அம்மனுக்கு நேர்ந்தது. வரிப் பணத்தை ஐந்நூறு ஐந்நூறாக மாற்றியிருந்ததால் கனத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்றை உண்டியலில் போட்டேன். திங்கட்கிழமை வரி ஜன்னலில் மற்றதை அவிழ்த்தால், நேர்ந்த நூற்றியொரு ரூபாய்!

கோயிலுக்கு ஓடினேன். தினமும் கும்பிடுகிறவள், அன்று அம்மன் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே உண்டியலுக்குப் போனேன். நினைத்தால் இன்னும் கூசுகிறது. காவலுக்கு இருந்த பெரியவர் கையை விரித்தார்.

"இப்படி யாராவது ஓடியாந்துக்கினுதான் இருக்காங்க. உள்ளே போனது போனதுதாம்மா, எடுத்துக் குடுத்தா என்னை எங்கே வெப்பாங்க தெரியுமா?"

ரசீது

வீட்டுக்காரரிடம், கட்டிவிட்டேன் என்றேன். அந்தப் பொய்யோடு பத்து நாள் விளக்கேற்றினேன். பதினோராம் நாள் பில் கலெக்டர் வந்து நின்றார். எதிர்வீட்டுக்காரியும் வாசலுக்கு வந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "பாக்கியா? எங்க வீட்ல நேர்ல போய்க் கட்டிட்டு வந்துருக்குது சார்." பிறகு என் பக்கம் திரும்பி, அதே பெருமையோடு சொன்னார்:

"அந்த ரசீதை எடுத்தாந்து சார்கிட்ட காட்டுமா."

முன்பணம்

எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன், எதிர்வீட்டுக்காரியும் கேட்க. இவர் திட்டவில்லை. பில் கலெக்டர் போனதும், தலை குனிந்தபடி சட்டையை எடுத்தார், முதலாளியிடம் முன்பணம் கேட்டுவர. அன்று கடையில் வாய்விட்டவள் நான், நானே போகிறேன் என்று கிளம்பினேன்.

கடையில் அன்றும் நாலு பேர் இருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். "நானே கட்டிடட்டுமாம்மா?" என்றார் முதலாளி. "கையில குடுங்கய்யா, நான்தான் கட்டுவேன். அடுத்த சேலையில கழிச்சுக்குங்க." அவர் எண்ணிக் கொடுத்தார். கணக்குப்பிள்ளை நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"என்னன்னு எழுதட்டும்மா, வரியா, காணிக்கையா?"

அன்றைக்கே நானே போய்த்தான் வரியைக் கட்டினேன், ஆனால் அதற்காக யாராவது என்னைப் பாராட்ட வாயெடுத்தால் எனக்கு அடுப்படியில் அவசரமாக ஒரு வேலை வந்துவிடுகிறது.