ஆறு பெரிதா, எட்டு பெரிதா?

மலைப்பாதையில் ஒரு ஜீப் பின்பக்கமாகப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது?

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்த பாக்கியம் கிடைத்தது. இன்னும் ஜீப் சத்தம் கேட்டால் எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். ஆனால் நினைத்தால் சிரிப்பும் வருகிறது... என்ன செய்ய?

கம்பம் மெட்டு ஏறும் ரோடு. மூன்றாவது கொண்டை ஊசி வளைவு. ஓட்டியது என் மகள் பவித்ரா — கால்நடை மருத்துவர். அடிவாரத்து மாட்டுக்கொட்டங்களுக்குப் போய்வர, போன வருடம் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் வாங்கினாள். வயதில் அவளைவிட மூத்தது. நாலு சக்கரமும் இழுக்கும், கல்லிலும் சேற்றிலும் ஏறும் என்று அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமை வளைவில் இருமியது. விக்கியது. நின்றது. நின்றதோடு விட்டதா? மெல்லப் பின்னால் உருண்டது! பவித்ரா பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துப் பிடித்தாள். உருண்டது ஆறேழு அடிதான் இருக்கும். எனக்கு அது ஆறேழு வருடம்.

மேலிருந்து இறங்கி வந்த ஏலத்தோட்டத்து ஜீப்பிலிருந்து நாலு பெண்கள் குதித்து ஓடி வந்தார்கள்.

"ஏலே, மொதல்ல சக்கரத்துக்குக் கல்லக் குடுங்க!"

கல் வைத்தாயிற்று. அதில் ஒருத்தி என் பக்கம் வந்து கதவைத் திறந்தாள். "எறங்குங்க ஆத்தா. வண்டி அப்பவே நின்னுருச்சு. இன்னும் எதுக்குக் கத்துறீக?"

நான் கத்திக்கொண்டிருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கொஞ்சம் ஆறியதும் வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது. அப்படியே திருப்பிக் கம்பத்துக்கு இறங்கினோம். வழி முழுக்க நான் ஒரே பாட்டு. "வித்துரு. இன்னைக்கே வித்துரு."

"என்ன கோளாறுன்னு பாக்காமயாம்மா?"

கடைசியில் ஒரு ஒப்பந்தம். ஷெட்டில் ஜாபர் பாய் பார்க்கட்டும். இன்ஜின் போயிருந்தால் விற்றுவிடுவது. வேறு ஏதாவது சில்லறைக் கோளாறு என்றால் ஜீப் அவளுக்கு.

ஜாபர் பாய் மலை ஜீப்களுக்கென்றே ஷெட் வைத்திருப்பவர். ஞாயிறும் திறந்திருக்கும். நாலு ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றி ஒரு பழைய துண்டில் வரிசையாக வைத்தார். நாலும் அடுப்புக்கரி. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கும் டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்பப் போட்ட ப்ளக்கு டாக்டரம்மா?"

"பழசுதான் பாய். வாங்குனதுலருந்து இதேதான். மாசக் கடைசியில மாத்தணும்னு இருந்தேன்."

அவர் உதட்டைப் பிதுக்கினார். "இத்தன நாளு ஒழுங்கா ஓடிட்டு, இப்பத் திடீர்னு கரி அப்புதுன்னா ப்ளக்கு மேல தப்பில்ல. இன்ஜின் ஆயிலக் குடிக்குது. பிரிக்கணும். பெரிய வேலை. திராட்சைத் தோட்டத்துக்காரக ஒருத்தரு இந்த மாதிரி ஜீப்பு கேட்டுக்கிட்டே இருக்காக... குடுத்துருங்களேன்."

பவித்ரா பானெட்டின் மேல் கை வைத்திருந்தாள், நோய்ப்பட்ட மாட்டைத் தடவிக் கொடுப்பது போல.

இப்போது உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்த ப்ளக்குகள் பழசு இல்லை. எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கு முந்தைய வாரம் பவித்ரா மூன்று நாள் பயிற்சிக்கு மதுரை போயிருந்தாள். ஜீப் பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. ப்ளக் மாற்ற வேண்டும் என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. பிள்ளைக்கு நாமே ஒரு சர்ப்ரைஸ் கொடுப்போமே! தேனியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

"ஆறு, ஏழு, எட்டு மூணு நம்பரும் இருக்கு டீச்சர். வண்டிக்கு எது?"

"எது ஒசத்தி?"

"எட்டு ரேஸ் வண்டிக்கெல்லாம் போடுறது."

நான் கணக்கு டீச்சர். என்னிடம் ஆறு வேண்டுமா எட்டு வேண்டுமா என்று கேட்டால் என்ன சொல்வேன்? பத்துக்கு ஆறு வாங்கி வந்த மகளை நான் என்றைக்காவது சிரித்த முகத்தோடு வீட்டுக்குள் விட்டிருக்கிறேனா? நாலு எட்டு வாங்கினேன். தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு மாட்டினேன். அவளாகவே கண்டுபிடித்துப் பாராட்டட்டும் என்று வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை அவள், "வண்டி என்னமோ மாதிரி இருக்கும்மா" என்றாள். ரேஸ் சக்தி பழக இரண்டு நாள் ஆகும் போல என்று நினைத்துக்கொண்டேன்!

இப்போது ஷெட்டில் நிற்கிறேன். பேசாமல் இருந்தால் போதும். ஜீப் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடும். இனி மலை இல்லை, வளைவு இல்லை. ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்துவிடலாம். பொய்கூடச் சொல்ல வேண்டாம்... சும்மா இருந்தாலே காரியம் முடிந்தது. பத்து விநாடி நான் ரொம்ப மோசமான அம்மாவாக இருந்தேன். ரொம்பச் சந்தோஷமான அம்மாவாகவும்.

பானெட்டின் மேல் அந்தக் கை இன்னும் இருந்தது.

"நான்தான் மாத்துனேன்" என்றேன். "போன வாரம். எட்டாம் நம்பர்."

"அதான பாத்தேன்!" ஜாபர் பாய் தொடையைத் தட்டினார். "மரை மட்டும் புதுசாட்டம் மின்னுதேன்னு! டீச்சர், இந்த நம்பர்ல பெருசு ஒசத்தி இல்ல. இந்தக் கம்பெனிக்கு நம்பர் ஏற ஏற ப்ளக்கு குளுமை. ரேஸ் வண்டி கொதிச்சுக்கிட்டே ஓடும், அதுக்கு சரி. நம்ம வண்டி கொட்டத்துக்குக் கொட்டம் நின்னு நின்னு போகுது. ப்ளக்கு முனை சூடானாத்தான் கரி எரியும். இது சூடாகவே இல்ல."

சண்டை வரும் என்று நின்றேன். பவித்ரா ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். "நீயே வண்டிய நிக்க வச்சுட்டு, விக்கவும் சொன்னியேம்மா!" எனக்கும் பற்றிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

அப்போதாவது திருந்தினேனா?

"ஏழு போட்டுப் பாக்கலாமே பாய்... நடுவுல?"

"டீச்சர்!" "அம்மா!"

சரி, ஆறு. வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும் அதே நம்பர், அதே மரை நீளம், சாதாரண முனை. மெல்லிய தகடு விட்டு இடைவெளி சரிபார்த்து ஜாபர் பாய் மாட்டினார். சாவியைத் திருப்பியதும் ஒரே மூச்சில் கிளம்பியது.

பிள்ளைகளுக்கு எதை வாங்கினாலும் நாம் இப்படித்தான் வாங்குகிறோம், இல்லையா? பள்ளிக்கூடம், படிப்பு, மாப்பிள்ளை... எது பொருந்தும் என்று கேட்பதற்கு முன்னால், எது பெரிது என்று கேட்டுவிடுகிறோம்.

மறுபடியும் மெட்டு ஏறினோம். மூன்றாவது வளைவை ஜீப் ஒரு விக்கல்கூட இல்லாமல் சுற்றியது. கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தென்னையும் வாழையும். பவித்ரா விசில் அடித்தாள். நானும் அடித்துப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

மேலே போய் இறங்கியபோது என் வலது கால் கடுகடுவென்று வலித்தது — பக்கத்து சீட்டில் பிரேக் கிடையாது என்று காலுக்கு யார் சொல்வது?