கார்போ மரம்

நாலந்தாவுக்குப் பக்கத்தில், பிரதான வீதியோரமாக இருக்கும் வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் நோபர்ட் வழிகாட்டியாக இருந்தார். கராம்பு, ஏலம், மிளகு என்று காட்டிக்கொண்டே போய், கடைசியில் ஆட்களைத் தோட்டத்துக் கடைக்குள் கொண்டுபோய் விடுவதில் அவர் கெட்டிக்காரர்.

ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த டீச்சர் ஒருவர், கற்றாழை ஜெல் போத்தலைத் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் இயற்கைன்னு சொன்னீங்க. இதுல கார்போமர்னு போட்டிருக்கே, அது என்னங்க?"

அது தொழிற்சாலையில் செய்த பொலிமர் தூள் என்று நோபர்ட்டுக்குத் தெரியும். வாளித் தண்ணீரில் அதைத் தூவிக் கலக்கி, கஞ்சிபோலக் கெட்டியாக்குவதே அவர்தான். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அது ஒரு மரம்ங்க மேடம். கார்போ மரம்."

"எங்க, காட்டுங்க பாப்போம்."

கழிவறைக்குப் பின்னால் தானாக முளைத்திருந்த, பெயர் தெரியாத மரமொன்றைக் காட்டினார். டீச்சர் அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, கை நிறையப் போத்தல்களும் வாங்கிப் போனார். மறுநாளே முதலாளி அந்த மரத்தில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டார். வந்தவர்கள் எல்லாம் இலை பறித்ததில் மரம் மொட்டையானது.

நோபர்ட்டுக்கு மனம் உறுத்தியது. மனைவி மரியாயியிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்குப் போனார். அவளோ முழங்காலை நீட்டி, பச்சையாக எதையோ அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க தோட்டத்துக் கார்போ மரத்து இலைதாங்க. கடையில நிக்கிற பொண்ணு கொண்டாந்து குடுத்துச்சு. எத்தனை வருஷத்து வலி! போன எடம் தெரியல."

 நோபர்ட் பக்கத்தில் உட்கார்ந்து, தன் முழங்காலையும் நீட்டினார்.