துப்பாக்கிக்குப் பொட்டு வைத்த வருஷம்

போன மாதம் தம்பானூர்ப் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில், சுவரில் சாத்தியிருந்த ஸ்வீடன் நாட்டுப் பழைய பட்டாளத் துப்பாக்கி ஒன்றின் அடிக்கட்டையில் மூக்கை வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரரிடம் கையும் மூக்குமாகப் பிடிபட்டேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. கையில் கறிகாய்ப் பை, பையில் புடலங்காய். "சாரே, அது மணத்து நோக்கி வாங்குந்ந சாதனமல்ல" என்றார் அவர், பலாப்பழக் கடைக்காரர் ஒருவர் சொல்லக்கூடிய பொறுமையோடு. மோந்து பார்த்து வாங்குகிற பொருள் அல்ல என்பது எனக்கும் தெரியும். எந்த வகையிலும் நான் வாங்கக்கூடிய பொருளும் அல்ல, ஏனென்றால் என்னிடம் லைசென்ஸ் கிடையாது. ஸ்வீடன் துப்பாக்கி என்றால் புளி வாசனை அடிக்கும் என்று நாற்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்ததையும், அந்தத் துப்பாக்கியில் வெறும் மரமும் எண்ணெயும் மட்டுமே மணத்ததால் ஏமாந்துபோனதையும் அவருக்கு மலையாளத்தில் விளக்கும் திராணி அப்போது எனக்கு இல்லை. வாசகர்களுக்காவது விளக்கிவிடுகிறேன்.

கரமனையில், ஆற்றுக்குப் போகும் அக்கிரகாரத் தெருவொன்றில் எங்கள் வீடு. அப்பா ஓர் ஆடிட்டர் ஆபீசில் சீனியர் கிளார்க். பிறத்தியார் எழுதிய கணக்கில் சிவப்பு மசியால் சரி போடுவதும், சரி போட முடியாத இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எதிரே இருப்பவரை வருத்தத்தோடு பார்ப்பதும் அவருடைய உத்தியோகம். அந்த உத்தியோகத்தின் பொருட்டு வருஷாவருஷம் போனக்காட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்வருவார். திரும்பும்போது ஒரு பொட்டலம் தேயிலை கொண்டுவருவார். ஒரு வருஷம் தேயிலைக்குப் பதிலாக ஒரு பைத்தியத்தைக் கொண்டுவந்தார். தோட்டத்து மானேஜர் ஓய்வு பெற்றுப் போகிறார் என்றும், அவர் பங்களாச் சுவரில் ஸ்வீடன் பட்டாளம் கழித்துப்போட்ட துப்பாக்கி ஒன்று தொங்குகிறது என்றும், அதைப் பொறுப்பாக வைத்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்படுகிறது என்றும் ராத்திரிச் சாப்பாட்டின்போது பொதுப்படையாகச் சொன்னார். அம்மா மோர் விட்டுக்கொண்டே, "பாவம், யாராவது கெடைப்பா" என்றாள். அந்த யாராவது எதிரிலேயே உட்கார்ந்து மோர்சாதம் பிசைந்துகொண்டிருந்தது அவளுக்கு அப்போது தெரியாது.

அப்பா கொசுவைக்கூட விசிறியால் விரட்டிவிடுகிறவர், அடிக்கிறவர் அல்லர். அவரைக் கவிழ்த்தது துப்பாக்கியின் வீரம் இல்லை. அதன் கட்டையில் பதித்திருந்த ஒரு சிறு பித்தளை வட்டம். குழலின் உட்புறம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை ஸ்வீடன் பட்டாளத்து ஆயுதச்சாலைக்காரர்கள் அந்த வட்டத்தில் குறித்துவைப்பார்களாம். "தன் கொறையைத் தானே பித்தளைல போட்டு, எல்லாரும் பார்க்கறாப்பல வெளில ஒட்டிண்டிருக்கான் பாரு, இந்த மாதிரி ஒரு பேலன்ஸ் ஷீட் நான் பார்த்ததில்லை" என்று அப்பா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. வேறு யாரையும் பற்றி அவர் அவ்வளவு மரியாதையோடு பேசி நான் கேட்டதில்லை.

லைசென்ஸ் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். கூடத்தில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுவிட்டு, "ஸ்வாமிக்கு சத்ருக்கள் ஆரெங்கிலும் உண்டோ?" என்று கேட்டார். அப்பா யோசித்து, இதுவரை இல்லை என்றார். "துப்பாக்கி உள்ளே வந்தா ஒருத்தி உண்டுன்னு எழுதிக்கச் சொல்லுங்கோ" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அதை அவர் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை, லைசென்ஸ் வந்துவிட்டது.

வந்த துப்பாக்கி என் உயரத்தைவிட ஒரு சாண் மட்டுமே குறைவாக, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே பழைய ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு, சொல்லாமல் வந்து தங்கிவிட்ட தூரத்து உறவுக்காரரைப் போல நின்றது. அம்மா அதைத் தொடுவது வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான். பித்தளை என்று ஒன்று வீட்டுக்குள் இருந்தால் அதைப் புளி போட்டுத் துலக்காமல் அவளால் இருக்க முடியாது. விளக்கு, செம்பு, ஸ்வீடன் என்ற வரிசையில் தேய்த்து வைப்பாள். தேய்ந்த குழலைப் பற்றிய குறிப்போடு, குண்டு எவ்வளவு மேலே தூக்கி அடிக்கும் என்பதற்கான குறிப்பும் அதே வட்டத்தின் இன்னொரு பக்கத்தில் இருந்தது என்பதைப் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஊரார் கணக்கையெல்லாம் கடைசி வரிவரை வாசித்த அப்பா அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை. வாசிக்க நினைத்திருந்தாலும் அதற்குள் புளி தன் வேலையை முடித்திருக்கும்.

இத்தனைக்கும் அதை அவர் சுட்டதே இல்லை. கூடவே வந்த தோட்டாக்கள் ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் அடங்கிவிட்டன. அந்த அளவுத் தோட்டா நம் நாட்டுக் கடைகளில் கிடையாது. ஆகவே ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராகி, ஞாயிறுதோறும் போய், மற்றவர்கள் சுடுவதைப் பார்த்துவிட்டு வந்து, அதில் இருந்த தவறுகளை எங்களுக்கு எடுத்துச் சொல்வார். கிளப்பின் காரியதரிசி ஓய்வுபெற்ற பட்டாளக்காரர். என்ன பதவியில் இருந்தாரோ, எல்லாரும் "கர்னல்" என்பார்கள். அவர் அப்பாவின் துப்பாக்கியை ஒருமுறை கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம் ஸ்வாமி, மாலையிட்டு வைக்கான் கொள்ளாம்" என்று திருப்பிக் கொடுத்தாராம். நன்றாயிருக்கிறது, மாலை போட்டு வைக்க என்று அர்த்தம். அப்பா அதைப் பாராட்டாகத்தான் வீட்டில் வந்து சொன்னார்.

தெருவில் அம்மாவுக்குத் "துப்பாக்கி மாமி" என்று பெயர் விழுந்தது. நாற்பது வயதுக்குள் ஒரு பெண்பிள்ளை எப்படி எப்படியோ சம்பாதித்த பெயரையெல்லாம், நல்ல ரசம் வைப்பாள், நன்றாகக் கோலம் போடுவாள் என்பதையெல்லாம், பீரோவுக்குப் பின்னால் நின்ற ஒரு கட்டை அழித்துவிட்டது. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்த ஸ்ரீவராகத்து மாமி ஒருத்தி நிலைப்படியிலேயே நின்று, "அது கட்டிப் போட்டிருக்கா, அவுத்து விட்டிருக்கா?" என்று கேட்டாள். கொலுவின் முன்னால் உட்கார்ந்திருந்த மற்ற மாமிகள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். எல்லாரும் போன பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏன்னா, கேட்டேளா. அடுத்த ஞாயித்துக்கெழமை அதை எடுத்துண்டு போய்ச் சுடணும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வெச்ச குறில பட்டுதுன்னா அது இங்க இருந்துட்டுப் போகட்டும். ஆயுசுக்கும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். படலேன்னா திங்கட்கெழமை காலம்பற அது கடைக்குப் போயாகணும்."

"பட்டுதுன்னு நான் வந்து சொன்னா நம்புவியோ?"

"உங்க கணக்கை நீங்களே பாஸ் பண்ணிக்கறதாவது. இவனைக் கூட அனுப்பறேன்."

இப்படியாக எனது பதினோராவது வயதில் நான் ஆடிட்டராக நியமனம் பெற்றேன். அப்பா அன்றைக்கு அவ்வளவாகச் சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து, நிலைக்கண்ணாடி முன்னால் துணி காயப்போடும் கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு அவர் மூச்சை அடக்கிப் பழகுவதைப் பார்த்தேன். கண்ணாடியில் என்னைக் கண்டதும் கம்பைக் கொடிக்கு அருகே கொண்டுபோய், தேவையில்லாமல் ஒரு துண்டை இறக்கினார்.

ஆயுத பூஜை நடுவில் வந்தது. எங்கள் வீட்டில் புஸ்தகங்கள், தையல் மெஷின், அரிவாள்மணை, அப்பாவின் பேனாக்கள் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. துப்பாக்கியையும் வைக்க வேண்டும் என்றார் அப்பா. ஒருநாளும் வேலை செய்யாத சாமானுக்குப் பூஜை எதற்கு என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் இருப்பதிலேயே ஆயுதம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதானே என்று அப்பா கேட்க, அம்மா சந்தனக் கல்லை இழுத்துப் போட்டுக்கொண்டு அரைக்க உட்கார்ந்தாள். கோபத்தில் அரைத்த சந்தனம், கெட்டியாக வந்தது. எல்லாவற்றுக்கும் வைத்து முடித்துத் துப்பாக்கியிடம் வந்தபோது விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதுக்குத் தலை எது, கால் எது?" என்று கேட்டாள். அப்பா இதை எதிர்பார்க்கவில்லை. முன்னும் பின்னும் பார்த்து, குழலின் நுனியில், குறி பார்ப்பதற்காக நெல்மணி போலத் துருத்திக்கொண்டு நிற்கும் சிறிய இரும்பு முளையைக் காட்டி, "அங்க வெய்யி, அதான் ஒசரம்" என்றார். அம்மா அதன் உச்சந்தலையில் ஓர் அப்பு அப்பி, மேலே குங்குமத்தையும் தொட்டு வைத்தாள். விஜயதசமி கழிந்து எல்லாவற்றையும் எடுத்தபோது அது கல்லாகக் காய்ந்திருந்தது. பூஜைச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா எந்தச் சட்டத்தையும் மீறியவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் கர்னல் துப்பாக்கியைப் பார்த்தார். அப்பாவின் நெற்றியைப் பார்த்தார். மறுபடி துப்பாக்கியைப் பார்த்தார். "தோக்கினும் பொட்டு தொட்டோ ஸ்வாமி?" என்று துப்பாக்கியைக் காட்டிக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா வீட்டிலிருந்து கொண்டுவந்த பாயை விரித்துக் குப்புறப் படுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நூறு மீட்டருக்கு அப்பால் இருந்த காகிதத்தின் கறுப்பு வட்டத்தின் நட்டநடுவைப் பார்த்துச் சுட்டார். சத்தம் அடங்கியதும், குறிக்குக் கீழே பள்ளத்தில் இருந்த ஆள் நீளக் கம்பைத் தூக்கிக் காட்டினான். கம்பின் நுனி வட்டத்தின் நடுவில் நின்றது.

அப்பா தலையைத் திருப்பி முதலில் என்னைத்தான் பார்த்தார். பிறகு கையில் சிதறியிருந்த சந்தனத் துணுக்கை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுத்த தோட்டாவைப் போட்டார்.

அதற்குப் பிறகு ஒன்றும் படவில்லை. ஒவ்வொரு தடவையும் காகிதத்துக்கு மேலே, மண்மேட்டிலிருந்து செம்மண் புழுதி கிளம்பியது. எல்லாம் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில். கர்னலுக்கே மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து குந்தி, "ஸ்வாமி, ஒரு முழம் தாழ்த்திப் பிடிச்சு வெடி வைய்க்கூ" என்றார். அப்பா படுத்தபடியே, "வட்டத்துல படணும்னா வட்டத்தைத்தானே பார்க்கணும்? கீழ ஒண்ணைப் பார்த்துண்டு மேல ஒண்ணை அடிக்கறது பொய்க்கணக்கு சார்" என்றார். கர்னல் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டார். அப்பா பெட்டி காலியாகும்வரை உண்மையாகவே சுட்டு, உண்மையாகவே தவறவிட்டார்.

நடந்தது என்ன என்பது எனக்கு விளங்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வேலை வெட்டியில்லாத ஒரு மத்தியானம், உலகெங்கும் உள்ள ஸ்வீடன் துப்பாக்கிப் பைத்தியங்கள் இணையத்தில் கூடிப் புலம்பும் பக்கமொன்றில் படித்தேன். அந்தத் துப்பாக்கியில் குறி பார்க்கும் அமைப்பின் ஆகக் குறைந்த தூரமே முந்நூறு மீட்டர். அதற்குள் வந்துவிட்ட எதிரியிடம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஸ்வீடன்காரர்கள் நினைத்தார்கள் போலும். நூறு மீட்டரில் நேர்மையாகக் குறிவைத்தால் குண்டு தலைக்கு மேலே போகும். அதற்கு அனுபவஸ்தர்கள் சொல்லும் வைத்தியம், குழல் நுனியில் இருக்கும் முளையை எடுத்துவிட்டு, இரண்டு மில்லிமீட்டர் போல உயரம் கூடிய வேறொன்றை வைப்பது. அதைத்தான் அம்மா சந்தனத்தால் வைத்திருந்தாள். முதல் வெடியின் அதிர்ச்சியில் அது உதிர்ந்துபோயிற்று.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அப்பாவைப் பார்க்கவே இல்லை. என்னிடம்தான் கேட்டாள்.

"பட்டுதாடா?"

"பட்டுது."

"எங்க?"

"நடுவுல."

"எத்தனை பட்டுது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது.

"ஒண்ணு."

ஒரு தடவை என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள். "செரி, கை கால் அலம்பிண்டு வாங்கோ" என்று உள்ளே போனாள். கொடுத்த வாக்கை அவளும் மீறியவள் இல்லை. அதன் பிறகு அந்தக் கட்டையைப் பற்றி அவள் வாய்திறந்து நான் கேட்டதில்லை. அந்தத் தைரியத்தில் அப்பா இரண்டாவது ஸ்வீடனை ஒரு காப்பித் தோட்டக்காரரிடமிருந்தும், மூன்றாவதை அந்தக் கர்னலிடமிருந்தே, அவர் ஊரைவிட்டு மகனோடு போகும்போதும் வாங்கினார். ஒரு லைசென்ஸில் மூன்றுக்கு மேல் கூடாது என்று அப்போது சட்டம் இருந்ததால் எங்கள் வீடு ஆயுதக் கிடங்கு ஆகாமல் தப்பித்தது. துப்பாக்கி இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டபடியால் அடுத்த வருஷத்திலிருந்து பூஜைச் சந்தனம் பெட்டிக்குத்தான். தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ்காரர்கள் ஆயுதங்களை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்; அப்பா மூன்றையும் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார். எங்கள் தெருவில் அடிக்கடி சர்க்கார் கவிழ வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே குடும்பத்தலைவி அம்மாவாகத்தான் இருக்கும்.

எப்போதாவது தோட்டா கிடைத்தால் அப்பா போய்ச் சுடுவார். நடுவட்டத்தைப் பார்த்தே சுடுவார். மண்மேட்டில் பட்டாலும், முதல் தடவை பட்டது தன்னுடைய திறமை, மற்றதெல்லாம் காற்று என்பது அவர் கணக்கு. அதில் அவர் கடைசிவரை சரி போட்டு வைத்திருந்தார்.

அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. வாரிசு லைசென்ஸுக்கு நான் மனுப் போடவில்லை, துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட்டேன். மண்மேட்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஃபிளாட்டுகள், மொட்டைமாடியில் வரிசையாகத் தண்ணீர்த் தொட்டிகள். கரமனை வீட்டின் கூடத்தில் ஒரு டியூஷன் சென்டர் நடக்கிறது. பீரோ நின்ற இடத்தில் கம்ப்யூட்டர். அம்மா என்னோடு இருக்கிறாள், எண்பதைத் தாண்டிவிட்டாள், காது கொஞ்சம் மந்தம்.

கடையில் பிடிபட்டு வந்த அன்று சாயங்காலம், அவளை எதிரே உட்காரவைத்து, ஒரு பென்சிலும் புடலங்காயும் கொண்டு குறியின் சாஸ்திரத்தை முழுக்க விளக்கினேன். முளையின் உயரம், குண்டின் போக்கு, அப்பாவின் முதல் வெடி, எல்லாம் சொல்லி, நீ வைத்த சந்தனம்தான் அம்மா அன்றைக்கு அவரை ஜெயிக்கவைத்தது என்று முடித்தேன். அவள் கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா புடலங்காயை என் கையிலிருந்து வாங்கி அரிவாள்மணைப் பக்கம் வைத்தாள்.

"அப்போ அன்னிக்குச் சந்தனம் வெக்கலேன்னா, திங்கட்கெழமை அது போயிருக்குமா?"

"போயிருக்கும்."

"பின்னால வந்த ரெண்டும் வந்திருக்காது?"

"வந்திருக்காது."

"தெரிஞ்சிருந்தா குங்குமத்தோட நிறுத்திண்டிருப்பேனே" என்றாள்.