நீல்கிரிக்குப் போன தங்கச்சி

எலுமிச்சை வாசம் அடிக்கிற தைல மரம் ஒண்ணு உண்டு, பாத்திருக்கீங்களா? எலை அரிவா கணக்கா வளைஞ்சு தொங்கும். கசக்குனா எலுமிச்சம்பழமேதான். பட்டையத் தானா உரிச்சுப் போட்டுட்டு, சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி வெள்ளையா, வழவழன்னு நிக்கும். அடியில புல்லு அண்டாது. நாங்க தைல மரம்னுதான் சொல்லுவோம். இந்தப் பம்பாயில மராட்டிக்காரங்க அத நீல்கிரிம்பாங்க. அது எனக்கு அப்பம் தெரியாது.

தாராவியில இருந்தோம். அறுவதுகள்ல. அப்பாவுக்குத் தோல் பதனிடுற எடத்துல சோலி. அந்த நாத்தம் இருக்கே, அம்மா சீயக்கா வச்சுத் தேச்சாலும் கைய விட்டுப் போவாது. சரி, தங்கச்சியச் சொல்ல வந்தேன். மழ தொடங்குனதும் அவளுக்குக் கக்குவான் இருமல். இருமி இருமி மூஞ்சி நீலம் பாரிச்சிரும். ஆசுபத்திரி மருந்தும் கேக்கல. தைலத் தழையக் கொதிக்க வச்சு ஆவி காட்டலாம்னா அம்மா.

அப்பா என்னையக் கூட்டிக்கிட்டுச் ரயிலேறிச் செம்பூர்ல எறங்கி நடந்தாரு. தனியா நின்ன ஒரு மரத்துல தழை ஒடிச்சோம். அதுக்கு அங்கிட்டுச் சின்னச் சின்ன மண்மேடா கெடந்துச்சு. என்னதுன்னு கேட்டேன். அங்கன பாக்காதன்னு என் மூஞ்சியத் திருப்பிவிட்டாரு.

கொஞ்ச நாளு வீடெல்லாம் எலுமிச்சை வாசம். ஒருநா குழாயடியில இருந்து வாறேன், தங்கச்சியக் காணும். அம்மா சுவரப் பாத்து உக்காந்திருக்கா. அடுத்த வீட்டு மராட்டிக்காரச் சித்தி, மௌசிம்போம், அவகிட்டக் கேட்டேன். "நீல்கிரி கே பாஸ் லே கயா, பேட்டா"ன்னா. நீல்கிரிகிட்டக் கொண்டு போயிருக்காராம், அப்பா.

நீலகிரின்னா எனக்கு மலதான். தைலக் குப்பியில படம் போட்டிருக்குமே, அந்த மல. ஓடிப்போயி அம்மாகிட்டச் சொன்னேன்: "அழாதம்மா. நீலகிரிக் காத்துக்கு இருமல் நின்னுரும்லா."

அம்மா சுவத்துல இருந்து என் பக்கம் திரும்புனா.

"நின்னுட்டுய்யா"ன்னா.

அந்திக்கு அப்பா வந்தாரு. நகத்துக்குள்ள மண்ணு. கையில தோல் நாத்தம் இல்ல, எலுமிச்சை வாசம். அதுக்குள்ள மலைக்குப் போயிட்டு வந்துட்டாரேன்னு எனக்கு ஒரே ஆச்சரியம்.

பொறவு ஞாயித்துக்கிழம ஆனா ஒத்தையில கெளம்பிருவாரு. வரும்போது கையில ஒரு கொத்துத் தழை. அம்மா வாங்கிக் கூரையில சொருவுவா. வீட்டுல இருமுறதுக்குத்தான் ஆளு இல்ல. தங்கச்சி மலையில இருந்து வந்தா ஆவுமேன்னு சேத்து வைக்காங்க போலன்னு, கீழ உதுந்த எலையப் பூராவும் பொறுக்கி நான் ஒரு தகரடப்பாவுல போட்டு வச்சேன்.