திரையை அணைக்கிற ரேகா

மீன் கழுவிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ரேகா ஒற்றை விரலால் ‘தூங்கு’ என்று ஆங்கில எழுத்தில் தட்டுகிறாள். வாயில் நுழையாத நீளக் கட்டளை ஒன்றுக்கு அவளே வைத்த செல்லப்பெயர் அது. மடிக்கணினியின் திரை அணைந்துவிடுகிறது. மணலிக்குப் போகும் டேங்கர் லாரிகளின் தூசிக்குப் பயந்து சன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருக்கும் வீடு. திரையின் வெளிச்சமும் போனதும் பட்டப்பகலிலேயே உள்ளே அந்தி வந்துவிடுகிறது.

திரைதான் தூங்குகிறது, இயந்திரம் தூங்கவில்லை. அதன் வயிற்றுக்குள் சின்ன விசிறி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கடலிரைச்சலோடு அது சேர்ந்துகொண்டால் எது எங்கே முடிகிறதென்று சொல்ல முடியாது.

திருவொற்றியூரில் அந்த மீனவர் குப்பத்திலிருந்து பதினொரு விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி. மூன்று மணி நேரத்துக்கொரு தரம், தான் இருக்கும் இடத்தைச் சொல்லி ஒரு வரி அனுப்பும். வரிகள் வந்து சேருமிடம் ரேகாவின் மடிக்கணினி. படம் காட்டும் பாக்கியம் அதற்கு என்றோ போய்விட்டது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன் கண்டெய்னர் கிடங்கு ஒன்றில் ஆறு வருஷம் இப்படிப்பட்ட திரையில்தான் அவள் வேலை பார்த்தாள். ஏழாம் எண் படகு அவள் கணவன் விமலுடையது.

மடிக்கணினியை மூடி வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மூடினால் இயந்திரமும் சேர்ந்து தூங்கிவிடும். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பவானி, தூசி படிகிறதே என்ற நல்லெண்ணத்தில் மூடிவிட்டுப் போனாள். எந்தப் படகிலிருந்தும் வரி இல்லையென்று தெருவே அலையோரத்தில் போய் நின்றது. மாமியார் குப்பம்மாவுக்கோ காரணம் வேறு. ஆம்பிளை கடலில் இருக்கும்போது வீட்டில் சட்டி பானை எதையும் கவிழ்த்து வைக்க விடமாட்டாள். மடிக்கணினியும் அவள் கணக்கில் ஒரு பாத்திரம். “புள்ள கடல்ல கீறான், இத்த கவுத்துட்டுப் போறியே, புத்தி கீதாமே ஒனக்கு?” என்று அன்று வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பவானி இன்றும் மறக்கவில்லை.

சரி, திரையை ஏன் அணைக்க வேண்டும்? அணைக்காவிட்டால் ரேகா அதன் முன்னாலிருந்து எழுந்திருக்க மாட்டாள். படகு நிற்கும் இடத்தைச் சொல்லும் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். அங்கே தண்ணீர் என்ன நிறம், வலை ஏறியதா, சோறு தின்றானா என்று மனசு படகேறிப் போய்விடும். உலை பொங்கி அடுப்பை அணைத்த பிறகுதான் கரை திரும்பும். “பாத்துகினே இருந்தா போட்டு வந்துருமா? கொயம்புதான் தீயும்,” என்பாள் அவளே. மறுபடி பார்க்க ‘முழி’ என்று அடிக்க வேண்டும். அடிக்கும் எழுத்து இருட்டில் தெரியாது. கண்ணாடி பாராமல் தலை பின்னுகிறவள் மாதிரி பிசகாமல் அடிப்பாள்.

திரை அணைந்ததும் குப்பம்மா வந்து அதன் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். காய்ச்சல் பார்க்கிற கை.

“சூடா கீது. ஓடிகினுதான் கீது.”

“அத்தே, அது இன்னா கொயந்தையா?” என்று ரேகா சிரிப்பாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏழாம் எண் வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. மற்ற பத்தும் வந்திருந்தன. வாசலுக்கு வந்த பெண்களுக்கு ரேகா, “ஒன்னுது வந்துச்சு பவானி, வடக்கால கீது,” என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லி அனுப்பினாள். உன்னுடையது என்று ஒருத்தி கேட்டபோது, நெத்திலி ஆய்வதில் காது கேட்காதவள் போல் குனிந்துகொண்டாள்.

மூன்று மணி கழிந்தது. ‘முழி’ அடித்தாள். எழுத்துத் தவறியது. திரை முழிக்கவில்லை. மறுபடி அடித்தாள், மறுபடியும் தவறியது. எழுத்து மட்டும்தான் தவறியது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மத்தியானம் முழுவதும் குப்பம்மா மடிக்கணினியின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“மெதுவா அடிம்மா. சூடு கீது.”

மூன்றாம் தரம் திரை முழித்தது. பத்து வரிகளுக்கும் கீழே, கடைசியாக, ஏழு.

“வந்துச்சு அத்தே. கரையப் பாத்து வந்துகினு கீறாரு.”

குப்பம்மா கையை எடுத்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, தெருவுக்குச் சொல்ல வெளியே போனாள்.

ரேகா அந்த வரியை நாலு தடவை படித்தாள். பிறகு ‘தூங்கு’ என்று அடித்தாள். அறை இருண்டது. ஆய்ந்த நெத்திலி அப்படியே கிடந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. மாமியாரின் கை இருந்த இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, அங்கே தன் உள்ளங்கையை வைத்தாள்.