கொல்லைக் கதவில் தொங்கிய பிஸ்கட் டின்

தொழுகிற வீட்டில் நாய் எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் அதுவரை நானும் அவர்கள் பக்கம்தான் பேசியிருப்பேன். ஆனால் அந்த வருஷம் எனக்கு ஒரு நாய் வேண்டியிருந்தது.

கூத்தாநல்லூர் கடைத்தெருவில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தேன். அதோடு பக்கத்து ஊர் மிராசுதாரர் நிலத்தில் ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், குத்தகைச் சாகுபடி. கழக ஆட்சி வந்து, உழுகிறவன் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் போட்டிருந்த காலம் அது. நானும் மனுக் கொடுத்தேன். கொடுத்த பத்தாம் நாள் பட்டப்பகலில் என் நடவு வயலில் நாலு மாடுகள் நின்றன. யார் மாடு என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. மறுவாரமும் வந்தன. நான் கடையில் உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்துத்தான் வந்தன. பயிர் போனால் குத்தகை நெல் அளக்க முடியாது. அளக்காவிட்டால், இவன் சாகுபடிக்காரனே இல்லை என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள். ஆள் போட்டுக் காவல் காக்க எனக்கு வசதி இல்லை.

ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து கடைக்குக் கடலை கொண்டுவரும் ஒரு கிறிஸ்தவ நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "ஒரு குட்டி தர்றேன் பாய். தாய் நாய் எங்க கடலைக் கொல்லையில மாட்டை மட்டுமில்ல, என் மச்சானையே உள்ள விடாது" என்றார். அடுத்த தடவை வரும்போது ஒரு கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். செவலைக் குட்டி. பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

என் மனைவி கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"வயலுக்குக் காவல்."

"சரி. இதுக்கு யாரு காவல்?"

அவள் கேட்டது நியாயம்தான். வயல் கொட்டகையில் விட்டால் நரி தூக்கிக்கொண்டு போய்விடும். குரைக்கிற வயசு வரும்வரை வீட்டில் வைத்துத்தான் வளர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அடுப்படியைத் தாண்டினால் ஒரு பின்தாழ்வாரம், அதைத் தாண்டினால் கொல்லை, கொல்லையில் கிணறு. நான் பள்ளிவாசலில் போய்த் தொழுகிறவன். அவள் வீட்டில் தொழுகிறவள். கிணற்றடியில் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, ஈரக் காலோடு அந்தத் தாழ்வாரத்தில் நடந்துதான் தொழுகைப் பாய்க்கு வருவாள். அந்த வழியில் நாய் ஒரு சொட்டு விட்டாலும் அவள் காலில் படும். காலோடு பாய்க்கும் வரும். தொழுகை கூடாது.

"ஆட்டுக்கும் வயலுக்கும் காவல் வைக்க மார்க்கத்துல இடம் இருக்கு. அதை நான் மறுக்கல" என்றாள். "நாப்பது நாள் தர்றேன். அது வரைக்கும் ஆட்டுக் கொட்டில்ல கட்டுங்க. அதுக்கப்புறம் மழை வந்துடும், தாழ்வாரத்துலதான் கிடக்கும். அப்ப ஒரு தடவை ஈரம் பார்த்தேன்னா, அதே கூடையில வச்சு ஒரத்தநாடு பஸ்ல ஏத்திடணும்."

"ஏத்திடுறேன்" என்றேன். மனசுக்குள், ஏற்றமாட்டேன், பழக்கிக் காட்டுவேன் என்று உறுதி எடுத்துக்கொண்டேன்.

உறுதி எடுப்பது சுலபம், நேரம் எங்கே இருந்தது? விடியலில் சுபுஹு தொழுததும் கடை திறக்க வேண்டும். பத்து மணிக்கு வயல். மத்தியானம் லுஹருக்குள் திரும்ப வேண்டும். பிறகு கடை, சாயங்காலம் அஸர், மறுபடி கடை, அந்தியில் மஃரிப், கடை, ராத்திரி இஷா. நாயைப் பழக்க இதில் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க என்னால் ஆகாது. வீட்டில் கடிகாரம் கிடையாது. எங்களுக்கு நேரம் என்றால் தொழுகைக்கு அழைக்கும் பாங்குதான். ஆகவே ஐந்து வேளையும் பாங்குச் சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வந்து குட்டியை அவிழ்த்துத் தென்னை மரத்தடிக்குக் கொண்டுபோய், "போ" என்று சொல்லி நிற்பேன். அது போனதும் கடையிலிருந்து எடுத்துவந்த ரஸ்க்கில் ஒரு துண்டு. பிறகு ஓட்டமும் நடையுமாகப் பள்ளிவாசல்.

கொட்டிலில் அது நனைத்த சாக்கை, நண்பர் சொல்லிக் கொடுத்தபடி, குச்சியால் தூக்கித் தென்னை மரத்தடியில் போட்டு வைத்தேன். வாசனை பிடித்து அங்கேயே போகும் என்றார். அப்படியே போயிற்று. நாயின் காய்ந்த உடம்பு பட்டால் குற்றமில்லை. வாயின் ஈரமோ நனைந்த உடம்போ பட்டால்தான் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. குட்டிக்கு இதெல்லாம் தெரியுமா? ரஸ்க்கோடு சேர்த்து விரலையும் நக்கிவிடும். கிணற்றடியில் ஒரு களிமண் உருண்டையை நிரந்தரமாக வைத்துவிட்டேன். ஏழு தடவை எண்ணிக் கழுவிவிட்டு ஓடி, கடைசி வரிசையில் நின்ற நாட்கள் நிறைய. ஒரு வேளையும் தவறவிடவில்லை.

பதினைந்து நாளில் குட்டி பிடித்துக்கொண்டது. பாங்கு ஒலிபெருக்கியில் கேட்டதும் அவிழ்த்துவிட்டால் போதும், தானாகவே தென்னை மரத்தடிக்கு ஓடி உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிடும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அதுதான் நான் செய்த பிசகு.

சாமான் வாங்க வந்த ஒருவர் சிரித்தார். "அப்ப பாங்கு சொன்னா நீங்க ஒரு பக்கம் ஓடுறீங்க, உங்க நாய் ஒரு பக்கம் ஓடுதுன்னு சொல்லுங்க பாய்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் பேச்சு நெஞ்சில் இடித்தது. என் மனைவிக்கு அது முன்பே இடித்திருக்கிறது, சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

"பாங்கு கேட்டா நின்னு பதில் சொல்றோம்" என்றாள். "நம்ம வீட்டுல அந்த நேரத்துக்குன்னு ஒண்ணு அசிங்கம் பண்ண உட்காருது. அது வாயில்லாத சீவன், அதைச் சொல்லிக் குத்தமில்லை. பழக்கினது நீங்க."

மறுநாள் லுஹருக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"எச்சில் பத்திக் கேளுங்க, சொல்றேன். காவல் நாய் பத்திக் கேளுங்க, சொல்றேன். இதுக்கு நான் ஓதின எந்தக் கிதாபுலயும் இடம் பார்த்ததில்லை பாய்" என்றார். பிறகு, "உங்க மனசு சங்கடப்படுதுல்ல? அப்ப மாத்திடுங்க" என்றார்.

மாற்றுவது என்றால் பழக்கியதைவிடப் பெரிய வேலை. கெடுவில் இருபது நாள் போயிருந்தது. கடையில் காலியான ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொல்லைக் கதவில் கம்பி போட்டுத் தொங்கவிட்டேன். பாங்குக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே கடையைப் பக்கத்துத் துணிக்கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடி வருவேன். குச்சியால் டின்னில் மூன்று தட்டு, "போ", ரஸ்க். வயலிலிருந்து வரும் நாளில் சைக்கிளை மிதித்த மிதியில் இரண்டு தடவை செயின் கழன்றது. முதல் நாலைந்து நாள் குட்டிக்குத் தலைகால் புரியவில்லை. டின்னுக்கு என் முகத்தைப் பார்த்து நிற்கும்; பாங்குக்கு ஓடும். பாங்குக்கு ஓடினால் ரஸ்க் கிடையாது, திட்டும் கிடையாது. டின்னுக்குப் போனால் இரண்டு துண்டு. கடையில் ரஸ்க் டப்பா சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது. முப்பதாம் நாளுக்கு மேல்தான் பாங்கு கேட்டும் குட்டி அசையாமல் படுத்திருந்ததைப் பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஐப்பசி மழை கெடுவுக்கு முன்பே பிடித்துக்கொண்டது. கொட்டில் ஒழுகியதால் குட்டியைத் தாழ்வாரத்து மூலையில் கட்டினோம். கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது தாலுகா ஆபீசிலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லிக் காகிதம் வந்தது. காலையில் டின்னைத் தட்டி, குட்டியை வெளியே விட்டு, திரும்பக் கட்டிவிட்டுப் புறப்பட்டேன். லுஹருக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. மிராசுதாரரின் காரியஸ்தர் வந்து சேரவே மத்தியானம் ஆகிவிட்டது. வந்ததும் அவர் வாய்தா கேட்டார், அதிகாரியும் கொடுத்தார். வெளியே வந்தால் காற்றும் மழையும், பஸ் இல்லை. லுஹரும் அஸரும் அங்கேயே ஒரு பள்ளிவாசலில் தொழுதேன். மனு தள்ளிப்போன வருத்தத்தைவிட எனக்குத் தாழ்வாரத்து மூலைதான் கண்முன் நின்றது. காலையிலிருந்து கட்டிக் கிடக்கிறது. எத்தனை நேரம்தான் அது அடக்கும்? அவள் நாயின் கிட்டே போகிறவள் அல்ல. ஒரு நாள்கூடக் கயிற்றைத் தொட்டதில்லை. எல்லாம் முடிந்தது, கூடையைத் தேடவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு, மஃரிபுக்குச் சற்று முன்னால் நனைந்து வீடு சேர்ந்தேன்.

நேராகத் தாழ்வாரத்துக்குப் போனேன். தரை முழுக்கக் கழுவி விட்டிருந்தது. குட்டி மூலையில் சாக்கின் மேல் சுருண்டு கிடந்தது. அதன் உடம்பும் சொதசொதவென்று நனைந்திருந்தது. கழுத்தில் அறுந்த கயிற்றுத் துண்டு மட்டும் இருந்தது. கிணற்றடிக் கொடியில் என் மனைவியின் சேலை ஒன்று, மழையென்றும் பாராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? கரண்டு இல்ல, பாங்கும் கேட்கல. வெளிச்சம் மங்குறதைப் பார்த்து அஸர்னு நினைச்சேன். ஒளுவுக்கு எழுந்திரிச்சா, இது கதவைப் பார்த்துப் பார்த்து அழுவுது. கதவைப் பார்க்குது, என்னைப் பார்க்குது. ஆனா தரையில ஒரு சொட்டு நனைக்கல. ரெண்டு வேளையா அடக்கியிருக்கு. மனுசப் பிள்ளை இருக்குமா அப்படி? நீங்க வருவீங்கன்னு பார்த்தேன், வரல. முடிச்சைத் தொடாம அரிவாள்மனையால கயித்தை அறுத்துவிட்டு, டின்னைத் தட்டிக் கதவைத் திறந்தேன்."

"போச்சா?"

"மழையில தென்னை மரத்தடிக்கே போச்சு. திரும்பி வந்து வாசப்படிக்கு வெளியே நிக்குது, உள்ள வரச் சொல்லணுமாம். வான்னு சொன்னேன். வந்து என் பக்கத்துல நின்னு உடம்பை ஒரு உதறு உதறிச்சு பாருங்க." கொடியைக் காட்டினாள். "சேலையை ஏழு தடவை அலசினேன், மண்ணு போட்டு. தாழ்வாரத்தையும் ஏழு தடவை. அஸர் ரொம்பத் தாமதமாயிடுச்சு."

அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. கூடையை எடுக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"அந்தத் தாழ்ப்பாளுக்கு ஒரு கயிறு கட்டுங்க" என்றாள். "அடுப்படியில இருந்தே இழுக்குற மாதிரி. டின்னையும் இந்தப் பக்கம் மாத்திடுங்க. இனிமே அதைக் கட்டவும் வேண்டாம். உங்களுக்கு இன்னும் எத்தனை வாய்தா இருக்கோ, ஒவ்வொரு தடவையும் நான் சேலை அலசிக்கிட்டு இருக்க முடியாது."

மறுநாள் கடையைத் தாமதமாகத் திறந்தேன். கதவுச் சட்டத்தில் துளை போட்டு, தாழ்ப்பாளில் கயிறு கட்டி அடுப்படி ஜன்னல் வரைக்கும் கொண்டுவந்தேன். அவள் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். தாழ்ப்பாள் விலகியது, கதவு மழைக்காற்றில் தானே திறந்தது. குட்டி தலையைத் தூக்கி டின் சத்தத்துக்குக் காத்திருந்தது.

"இன்னும் ஒரு முழம் நீளம் விடுங்க" என்றாள்.