நின்றால் நிற்கட்டும்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கும். ‘ப’வில் தொடங்கும் எந்தச் சொல்லும் உதட்டைத் தாண்டாது. கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்து பட்டுப் புடவைக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது, மடிக்கிற வேலையே போதும் என்று நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். விற்கிற பெண்கள் பிரித்துப் போட்டதை மடித்து அடுக்குவேன். பட்டுக் கடையில் ‘பட்டு’ என்று சொல்லப் பயந்தே சில வருடங்கள் ஓடின.

அப்போதுதான் வாலாஜாபாத்திலிருந்து ஒருத்தி விற்பனைக்கு வந்து சேர்ந்தாள். என் வயதுதான். முதல் நாளே ஒரு வாடிக்கையாளர் முன் அவளுக்கு வார்த்தை நின்றுவிட்டது. எனக்கே நடந்ததுபோல நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குனியவில்லை. தனக்குத் திக்கும், கொஞ்சம் மெதுவாகத்தான் வரும் என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டு இரண்டு புடவை எடுத்தார்.

மறுநாள் சாப்பிடும்போது, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அதைக் கேட்டு முடிக்கவே எனக்கு நேரமாயிற்று. அவள் காத்திருந்தாள்.

“நிக்காம பேசணும்னு நெனச்சிக்கினு இருந்த வரைக்கும் வாயே தொறக்கலபா. அப்புறம் நின்னா நிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

தினமும் காலையில் பேப்பரைச் சத்தமாகப் படிப்பாளாம். நானும் ஆரம்பித்தேன். வீட்டில் தறி இருக்கும் அறையில்தான் வெளிச்சம். கணவர் நெய்துகொண்டிருக்க, நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து படிப்பேன். நான் திக்கும்போதெல்லாம் அவர் தறியை நிறுத்துவார். ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நிறுத்தாதீர்கள், அதனால்தான் இன்னும் திக்குகிறது என்றேன்.

“நீ திக்குறதுக்கு நிறுத்தல. அப்ப உன் கொரல் எறங்கிடுது, தறி சத்தத்துல நியூஸு காதுல விழமாட்டேங்குது. எனக்கு அது முழுசா வேணும்.”

மறுநாளிலிருந்து அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து படித்தேன். ஏதாவது ஒருநாள் சமையலில் தாமதமானால், இன்னும் பேப்பர் வரவில்லையா என்று அவரே குரல் கொடுப்பார்.

தை மாதக் கூட்டத்தில் ஒரு மணப்பெண்ணும் அவள் அம்மாவும் என் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மற்ற எல்லோருக்கும் கை நிறைய வேலை. வாலாஜாபாத்காரி தன் இடத்திலிருந்து என்னைப் பார்த்தாள்; எழுந்து வரவில்லை. எனக்குத் திக்கும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அதைச் சொன்னதுமே மூச்சு லேசானது. ‘பட்டு’ இரண்டு முறை நின்றது. அந்தப் பெண் புடவையைத் தடவிக்கொண்டே காத்திருந்தாள். அரக்கு நிற முகூர்த்தப் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். பிரித்துப் போட்ட மற்றப் புடவைகளை நானே மடித்து அடுக்கினேன்.

இப்போது நான் விற்பனையில்தான் இருக்கிறேன். திக்கல் போகவில்லை. வாலாஜாபாத்காரி குழந்தை பிறந்தபின் தன் ஊரிலேயே வேறு வேலைக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசிக்கொள்வோம். இரண்டு பேருக்கும் வார்த்தை நிற்கும். பேச்சு நீண்டுகொண்டே போகும். இரண்டு பேருக்கும் அவசரமில்லை.